மருத்துவக் கல்லூரியும் மனித வளமும் – லாலாகுடா தரும் பாடம்

ஒரு மருத்துவமனையில் நல்ல கட்டடங்கள் இருக்கின்றன; படுக்கைகள் இருக்கின்றன; அறுவைக்கூடமும் ஆய்வுக்கூடமும் இருக்கின்றன; தேர்ந்த மருத்துவர்களும் பணியாற்றுகிறார்கள். அதன் வாயிலில் மருத்துவக் கல்லூரி என்ற பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால் அது கல்லூரி ஆகிவிடுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. மருத்துவக் கல்வியை விரைந்து பெருக்கிவரும் நமது நாட்டில் திட்டமிடுவோரும் நிர்வாகிகளும் இவ்வினாவைத் திரும்பத் திரும்ப எதிர்நோக்க வேண்டியுள்ளது.

2014-ஆம் ஆண்டுக்கு முன் நாட்டில் 387 மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. 2024–25-இல் இந்த எண்ணிக்கை 780 ஆயிற்று. இளநிலை மருத்துவப் பட்டப் படிப்புக்கான இடங்கள் 51,348-லிருந்து 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேலாக உயர்ந்தன. பத்தாண்டுகளில் இடங்களை இரு மடங்காக்க முடிந்தது. ஆனால் ஒரு பேராசிரியரை உருவாக்கப் பட்டப் படிப்பு, முதுநிலைப் படிப்பு, கற்பித்தல் அனுபவம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடிக்கின்றன. இவ்விரண்டு கால அளவுகளுக்கும் இடையே உள்ள இடைவெளியே மருத்துவக் கல்லூரிகளின் மனித வளப் பிரச்சினைக்கு அடிப்படையாகும். இதனை விளங்கிக்கொள்ள, கல்லூரியாக மாறும் என்று எதிர்பார்க்கப்பட்டு, மருத்துவமனையாகவே தொடரும் ஓர் இடத்தை ஆராய்வது பயனுடையது. ஹைதராபாத் மாநகரின் சிகந்தராபாத் பகுதியிலுள்ள லாலாகுடா அத்தகைய இடமாகும்.

லாலாகுடாவும் ரயில்வே மருத்துவமனையும்

லாலாகுடா ரயில்வேயால் வளர்ந்த ஊர். நிஜாம் அரசின் உத்தரவாதம் பெற்ற ரயில்வே நிறுவனம் 1893-இல் இங்குப் பணிமனையை நிறுவியது. அதனைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே தோற்றுவிக்கப்பட்டது. அம்மண்டலத்தின் மத்திய மருத்துவமனை லாலாகுடாவிலேயே அமைந்துள்ளது. தண்டவாளப் பராமரிப்பாளர், ரயில் ஓட்டுநர், பணிமனைத் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தார், ஓய்வுபெற்றோர் ஆகியோர் சிகிச்சைக்காக இங்கு வருகின்றனர். மண்டலத்தின் சிறு மருத்துவமனைகளில் தீர்க்க இயலாத நோய்களும் இங்கேயே அனுப்பப்படுகின்றன.

ரயில்வே மருத்துவமனைகளில் உயர்ந்த திறன் இல்லை என்று எவரும் கூற இயலாது. நாட்டின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சை 1975-இல் சென்னை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியனால் செய்யப்பட்டது. லாலாகுடா மருத்துவமனையும் வெறும் சிகிச்சை நிலையமாக நின்றுவிடவில்லை. தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டமேற்படிப்புப் பயிற்சியை அளிக்கும் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

2009 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ரயில்வே வரவு-செலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. அரசும் தனியாரும் கூட்டாக முதலீடு செய்யும் முறையில், ரயில்வே மருத்துவமனைகளோடு இணைந்த மருத்துவக் கல்லூரிகள் பல நகரங்களில் நிறுவப்படும் என்று அப்போதைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். அப்பட்டியலில் சென்னையும் ஹைதராபாத்தும் இருந்தன. மருத்துவமனை ஏற்கெனவே இருப்பதால், செலவிற் பெரும்பகுதி மிச்சமாகும் என்பது இத்தகைய திட்டங்களின் பின்னுள்ள கருத்து. ஆயினும் லாலாகுடாவில் கல்லூரி உருவாகவில்லை.

இதே மாநகரில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் (இ.எஸ்.ஐ.) சனத்நகரிலுள்ள தனது மருத்துவமனையோடு இணைத்து 2016-இல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. 2013-இல் சென்னை கே.கே. நகரிலும் அக்கழகம் கல்லூரி தொடங்கியிருந்தது. எனினும் இப்பாதையும் தடையற்றதாக இருக்கவில்லை. மருத்துவக் கல்வியிலிருந்து விலகிக்கொள்வதென்று இடையில் கழகம் முடிவெடுத்தது. பின்னர் அம்முடிவை மாற்றிக்கொண்டது. கோவையில் அது கட்டிய கல்லூரி தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துறை தன் ஊழியர்க்கும் உறுப்பினர்க்கும் சிகிச்சையளிக்க வைத்திருக்கும் அமைப்பைக் கல்வி நிறுவனமாக மாற்றுவது, கட்டடத்தை விரிவாக்குவது போன்ற செயலன்று என்பதை இவ்வனுபவங்கள் காட்டுகின்றன.

எங்கே வேறுபாடு?

மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு முதன்மையாக ஆட்களைப் பற்றியது. தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, ஆண்டுக்கு 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 படுக்கைகளும் 85 ஆசிரியர்களும் தேவை. 150 மாணவர்களாயின் 605 படுக்கைகளும் 114 ஆசிரியர்களும் வேண்டும். இவர்களைத் தவிரப் பயிற்றுநர்களும் முதுநிலை உறைவிட மருத்துவர்களும் தேவைப்படுகின்றனர்.

இந்த ஆசிரியர்கள் யாவரும் நோயாளிகளைப் பார்ப்பவர்கள் அல்லர். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல், சட்ட மருத்துவம் ஆகிய துறைகள் இல்லாமல் மருத்துவக் கல்வி இல்லை. இவற்றுள் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம் மருத்துவமனையில் இருக்கலாம். ஆனால் உடற்கூறியல் ஆசிரியருக்கு ஒரு சாதாரண மருத்துவமனையில் வேலையே இல்லை. ஆகவே எத்துணைச் சிறந்த மருத்துவமனையாயினும் இத்துறைகளைப் பொறுத்தமட்டில் தொடக்கத்திலிருந்தே ஆட்களைத் தேட வேண்டும். முதுநிலைப் பட்டம் பெறும் மருத்துவர்கள் பெரும்பாலும் சிகிச்சைத் துறைகளையே விரும்புவதால் இவ்வாசிரியர்கள் எங்கும் அருகியே கிடைக்கின்றனர்.

சிகிச்சைத் துறைகளில் நிலைமை வேறுவிதமானது. அங்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய நேரம் ஏற்கெனவே நோயாளிகளுக்கு உரியதாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இச்சிக்கல் புலப்படுவதில்லை. பதவிப் பெயரை மாற்றி ஆணை பிறப்பித்தால் நிபுணர் இணைப் பேராசிரியர் ஆகிவிடுகிறார். ஆனால் அவருக்குள்ள நேரம் ஒரு நிமிடமும் கூடுவதில்லை.

ஓர் எளிய கணக்கு

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர் தேவையைக் கணக்கிடுவதற்குப் பணிச்சுமையை அடிப்படையாகக் கொண்ட ஒரு முறையைப் பரிந்துரைத்து வருகிறது. படுக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், செய்ய வேண்டிய வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒருவரால் ஆண்டில் எத்தனை மணி நேரம் தர இயலும் என்பவற்றை ஒப்பிடுவது அம்முறையின் சாரம்.

ஆண்டில் 365 நாட்கள். அவற்றுள் 52 ஞாயிற்றுக்கிழமைகள், 17 அரசு விடுமுறைகள், 8 நாள் தற்செயல் விடுப்பு, 30 நாள் ஈட்டிய விடுப்பு ஆகியவற்றைக் கழித்தால் 258 நாட்கள் எஞ்சும். நாளொன்றுக்கு 7 மணி நேரம் எனக் கொண்டால் ஒரு மருத்துவர் ஆண்டில் 1,806 மணி நேரம் தர இயலும்.

ஒரு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைத் துறையில் புறநோயாளிகளைப் பார்த்தல், படுக்கைச் சுற்று, அறுவை ஆகியவற்றுக்கு ஆண்டில் 14,448 மணி நேரம் ஆகிறதென்று கொள்வோம். அதற்கு 8 மருத்துவர்கள் தேவை. 8 பேரும் இருக்கிறார்கள். இப்போது அங்குக் கல்லூரி தொடங்கப்படுகிறது. விரிவுரைகளுக்கு 150 மணி, சிறு குழுக்களாகப் பிரிந்து வரும் மாணவர்க்கு நோயாளியின் படுக்கையருகே நடத்தும் வகுப்புகளுக்கு 1,800 மணி, தேர்வுகளுக்கு 250 மணி, பாடம் தயாரித்தல், மாணவர் பதிவேடுகளைத் திருத்துதல், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு 1,412 மணி, ஆக மொத்தம் 3,612 மணி நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கொள்வோம். இது இருவருடைய முழு ஆண்டு உழைப்பாகும்.

எனவே 10 பேர் வேண்டும். 8 பேரையே வைத்துக்கொண்டு கற்பித்தலையும் முறையாக நடத்தினால், நோயாளிகளுக்குக் கிடைத்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கு குறையும். நோயாளிகளுக்குரிய நேரத்தைக் குறைக்காவிட்டால், மாணவர்க்குக் கல்வி கிடைக்காது. மூன்றாவது வழி ஒன்றில்லை. இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. துறைதோறும் ஊர்தோறும் அவை மாறுபடும். ஆனால் கணக்கின் முறை மாறாது. தொலைவான ரயில் நிலையத்திலிருந்து ஒரு நாள் விடுப்பெடுத்து லாலாகுடாவுக்கு வரும் தொழிலாளி வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது இக்கணக்கைப் பொறுத்தது. நாளை ஒரு சிற்றூரில் தனியே நின்று முடிவெடுக்க வேண்டிய இளம் மருத்துவர், படிக்கும் காலத்தில் எத்தனை நோயாளிகளை ஆசிரியரின் அருகிருந்து பார்த்தார் என்பதும் இதையே பொறுத்தது.

பணியமைப்புப் பிரிவின் பொறுப்பு

மருத்துவக் கல்லூரி என்றவுடன் பேராசிரியரும் மாணவரும் நினைவுக்கு வருகின்றனர். ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவு எவர் நினைவுக்கும் வருவதில்லை. எனினும் கல்லூரியின் உயிர்நாடிகளுள் ஒன்று அப்பிரிவின் பதிவேடுகளில் இருக்கிறது. ஆசிரியர்கள், உறைவிட மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வுக்கூட நுட்பவியலாளர்கள், அலுவலக எழுத்தர்கள், மருத்துவமனைப் பணியாளர்கள், ஒப்பந்த ஊழியர்கள் என ஒரே கூரையின் கீழ்ப் பல வகையினர் பணிபுரிகின்றனர். நியமன விதி, ஊதிய விகிதம், பணி நேரம், பதவி உயர்வு, ஓய்வு வயது ஆகியவை ஒவ்வொரு வகையினர்க்கும் வேறுபடுகின்றன. சில குறிப்பான சிக்கல்களை இங்கு நோக்கலாம்.

முதலாவது, இரு ஏணிகளின் பிரச்சினை. மத்திய அரசு மருத்துவர்களுக்கான ஊதிய உயர்வுத் திட்டத்தின்படி, பொதுப்பணி மருத்துவர் ஒருவர் காலியிடத்தை எதிர்நோக்காமலே 4, 9, 13, 20 ஆண்டுகளில் அடுத்தடுத்த நிலைகளை அடைகிறார். 2008-இல் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தில் பணிக்காலமே அடிப்படை. கல்லூரி ஆசிரியரின் ஏணியோ வேறு. உதவிப் பேராசிரியராக நான்கு ஆண்டுகள் பணியாற்றி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, மருத்துவக் கல்வி முறைப் பயிற்சியும் பெற்றவரே இணைப் பேராசிரியராகத் தகுதி பெறுகிறார்; மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே பேராசிரியராகலாம். ஊதியத்தில் மூத்தவர் கல்வித் தகுதியில் இளையவராகவும், கல்வித் தகுதியில் மூத்தவர் ஊதியத்தில் இளையவராகவும் ஒரே துறையில் அமர நேரிடும். துறைத் தலைவர் யார் என்னும் கேள்விக்கு முன்கூட்டியே விதி வகுக்காத நிறுவனங்களில் வழக்குகள் பெருகுகின்றன.

இரண்டாவது, இடமாற்றம். ரயில்வே மருத்துவர்கள் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த மருத்துவப் பணித் தேர்வின் வாயிலாக நியமிக்கப்படுவோர். தேவைப்படும் இடத்துக்கு அவர்களை அனுப்பும் உரிமை துறைக்கு இருப்பது இயல்பே. ஆனால் கல்லூரிக்கு நிலைபேறு வேண்டும். நடுவாண்டில் ஓர் ஆசிரியர் மாற்றப்பட்டால் காலியிடப் பட்டியலில் ஓர் எண் மட்டும் மாறும். மாணவர்க்கோ ஒரு பாடமே நின்றுவிடும்.

மூன்றாவது, இட ஒதுக்கீட்டுப் பதிவேடு. 1995-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிப்படையில், 1997 ஜூலை முதல் மத்திய அரசுப் பணிகளில் சுழற்சி முறை காலியிடங்களின் வரிசைக்கு மாறாகப் பதவிகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. மருத்துவக் கல்லூரியில் பல துறைகளில் பேராசிரியர் பதவி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். தனித்த ஒரே பதவியை ஒதுக்கீட்டுக்கு உட்படுத்த இயலாதென்று 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே துறையை அலகாகக் கொண்டால் ஒதுக்கீடு ஏட்டளவில் நின்றுவிடும். மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிகளுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளச் செய்து இக்குறையைக் களைந்தது. இப்பதிவேட்டைச் சரியாகப் பேணாவிடின் நியமனங்கள் நீதிமன்றத்தில் தேங்கும். வகுப்பறையில் ஆசிரியர் இருக்கை வெறுமையாக இருக்கும்.

நான்காவது, இருவேறு நிர்வாகங்கள். டில்லிப் பல்கலைக் கழகத்தின் மருத்துவ அறிவியல் கல்லூரி 1971-இல் தொடங்கப்பட்டது. கல்லூரி பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. அதனோடு இணைந்த குரு தேக் பகதூர் மருத்துவமனை டில்லி அரசைச் சேர்ந்தது. ஒரே நோயாளிக் கூடத்தில் இரு நிர்வாகங்களின் மருத்துவர்கள் பணியாற்றும்போது பணி ஒழுங்கு, விடுப்பு, நிர்வாகப் பொறுப்பு ஆகிய ஒவ்வொன்றும் பேச்சுவார்த்தைக்குரிய பொருளாகிறது. லாலாகுடாவில் தனியார் பங்கேற்புடன் கல்லூரி தோன்றியிருந்தால் ரயில்வே, கல்லூரி அறக்கட்டளை, இணைப்பு வழங்கும் பல்கலைக் கழகம் என மூன்று நிர்வாகங்களை இணைக்க வேண்டியிருந்திருக்கும்.

பற்றாக்குறையும் மிகையும்

ஆட்களைப் பற்றிய கணக்கு இரு திசைகளிலும் தவறக்கூடும். இதற்கு இரு மாநிலங்களிலிருந்து சான்று காட்டலாம்.

தெலங்கானா மாநிலம் 2014-இல் உருவானபோது அங்கு 5 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. அவற்றுள் உஸ்மானியா மருத்துவக் கல்லூரி 1846-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. காந்தி மருத்துவக் கல்லூரி 1954-இல் நிறுவப்பட்டது. 2003-இல் முஷீராபாத்துக்கு மாறிய காந்தி மருத்துவமனை லாலாகுடாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 2022-இல் ஒரே நாளில் 8 கல்லூரிகளும், 2023-இல் ஒரே நாளில் 9 கல்லூரிகளும் தொடங்கி வைக்கப்பட்டன. 2024-இல் அரசுக் கல்லூரிகளின் எண்ணிக்கை 34 ஆயிற்று. மாவட்டந்தோறும் கல்லூரி என்பது பாராட்டுக்குரிய குறிக்கோள். சிற்றூர் மக்களுக்கு உயர் சிகிச்சை அருகில் கிடைக்க அது வழிசெய்கிறது. ஆனால் ஆசிரியர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் அம்மாநில அரசுக் கல்லூரிகள் பலவற்றிடம் ஆசிரியர் பற்றாக்குறை முதலிய குறைகளுக்கு விளக்கம் கேட்டது.

மற்றொரு சான்று தமிழகத்தைச் சேர்ந்தது. 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. பல்கலைக் கழகமே நடத்திய மருத்துவக் கல்லூரி என்னும் சிறப்பு அதற்கு உண்டு. காலப்போக்கில் பல்கலைக் கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளாயிற்று; தேவைக்கு மேற்பட்ட நியமனங்கள் அதற்கு முக்கியக் காரணமாயின. 2013-இல் அரசு சட்டமியற்றிப் பல்கலைக் கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. மிகையாக இருந்த ஊழியர்கள் அரசின் பிற துறைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அயற்பணியில் அனுப்பப்பட்டனர். 2021-இல் மருத்துவக் கல்லூரி மாநில சுகாதாரத் துறையின் கீழ்க் கொண்டுவரப்பட்டுக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கட்டணக் குறைப்பு வேண்டி மாணவர்கள் நீண்ட நாட்கள் போராடியதும் இம்மாற்றத்தின் பின்னணியில் உண்டு. தேவையைக் கணக்கிடாமல் செய்த நியமனங்களின் சுமை, மாணவரின் கட்டணத்திலும் ஊழியரின் எதிர்காலத்திலும் வந்து விழுந்தது.

ஒன்று பற்றாக்குறை, மற்றொன்று மிகை. மேலோட்டமாக இவை எதிரெதிரானவை. ஆயினும் இரண்டின் வேரும் ஒன்றே. வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பதவிகளை வகுப்பதற்கு மாறாக, வேறு நோக்கங்களுக்காக முதலில் எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டு, பின்னர் வேலையை அதற்குப் பொருத்த முயன்றதே அந்த வேராகும்.

பழைய பரிந்துரைகளும் புதிய விதிகளும்

இந்த உண்மை நாட்டுக்குப் புதிதன்று. 1946-இல் அறிக்கை அளித்த போர் குழு, உயர் தகுதி பெற்ற மருத்துவ ஆசிரியர்களை உருவாக்கத் தனி நிறுவனம் வேண்டுமென்றது. 1956-இல் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் தோன்றியதற்கு அதுவே வித்து. சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் பணியாற்றிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1959-இல் அமைந்த குழு, மருத்துவ வசதிகளைப் பெருக்குவதோடு அவற்றின் தரத்தையும் வலியுறுத்தியது. 1970-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. டாக்டர் ஜே. எஸ். பஜாஜ் தலைமையிலான குழு, சுகாதார மனித ஆற்றலைத் திட்டமிட மத்தியிலும் மாநிலங்களிலும் தனிப் பிரிவுகள் வேண்டுமென்று 1987-இல் பரிந்துரைத்தது. எத்தனை பேர் தேவை என்பதைத் தொடர்ந்து கணக்கிட்டுச் சொல்லும் அமைப்பு ஒன்று வேண்டுமென்பதே அதன் உட்பொருள்.

அண்மையில் விதிகள் வேறொரு திசையில் தளர்த்தப்பட்டுள்ளன. 2025-இல் வெளியான புதிய விதிகளின்படி, 220-க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனைகள் கற்பிக்கும் நிறுவனங்களாக அறிவிக்கப்படலாம். அத்தகைய மருத்துவமனைகளில் பத்தாண்டு அனுபவமுள்ள முதுநிலைப் பட்டதாரி நிபுணர் இணைப் பேராசிரியராகலாம். இரண்டாண்டு அனுபவமுள்ளவர் உதவிப் பேராசிரியராகலாம். ஆயினும் ஆராய்ச்சி முறை பற்றிய அடிப்படைப் பயிற்சியை இரண்டாண்டுகளுக்குள் அவர் முடிக்க வேண்டும். தேசியத் தேர்வு வாரியத்தின் படிப்புகளில் கற்பித்த அனுபவமும் மதிக்கப்படுகிறது. லாலாகுடா போன்ற மருத்துவமனைகளின் நிபுணர்களுக்கு இது புதிய வாயிலைத் திறக்கிறது என்பதில் ஐயமில்லை. நோயாளியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர் நல்லாசிரியராக விளங்கக்கூடும். அவருடைய அனுபவத்தை மதிப்பது நியாயமே.

ஆனால் தகுதி விதி தளர்ந்தமையால் முன்னர்க் கண்ட மணிநேரக் கணக்கு மாறிவிடவில்லை. தகுதியை ஆணையால் வழங்கலாம். நேரத்தை ஆணையால் வழங்க இயலாது. ஆசிரியர்கள் உண்மையில் இருக்கிறார்களா என்பதை உறுதி செய்ய, முக அடையாளத்தின் வழி வருகையைப் பதியும் முறையை 2025 மே முதல் ஆணையம் நடைமுறைப்படுத்தியது. ஆசிரியர் வளாகத்தில் இருந்தார் என்பதை அம்முறை காட்டும். அவர் கற்பித்தாரா என்பதைப் பணியமைப்புப் பிரிவும் துறைத் தலைவரும்தான் காட்ட வேண்டும்.

செய்யத்தக்கவை

லாலாகுடாவின் அனுபவத்திலிருந்து நிர்வாகிகள் சில முடிவுகளுக்கு வரலாம்.

1. கல்லூரி தொடங்க இசைவு கோருமுன், துறைவாரியாகச் சிகிச்சைக்குரிய நேரத்தையும் கற்பித்தலுக்குரிய நேரத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். இரண்டையும் கூட்டி வரும் எண்ணிக்கைக்கே பதவிகள் அனுமதிக்கப்பட வேண்டும்.

2. உடற்கூறியல் முதலிய அடிப்படைத் துறைகளின் ஆசிரியர்களை முதலில் நியமித்தல் நலம். மாணவர் முதலாண்டில் சந்திப்பது அவர்களையே, கிடைத்தற்கரியவர்களும் அவர்களே.

3. மத்திய அரசின் சுகாதாரப் பணி மருத்துவர்களின் ஓய்வு வயது 2016-இல் 65 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் ரயில்வே முதலிய துறைகளின் மருத்துவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. 62 வயதுக்குப் பின் அவர்கள் நிர்வாகப் பதவிகளை வகிப்பதில்லை. கோப்புகளிலிருந்து விடுபட்ட அந்த மூன்று ஆண்டுகளைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தினால், நாட்டுக்குக் கூடுதல் செலவின்றி அனுபவமிக்க ஆசிரியர்கள் கிடைப்பர்.

4. அரசு மருத்துவர்கள் பணியிலிருந்தவாறே முதுநிலைப் படிப்பு படிக்க வழிவகுக்கும் ஒதுக்கீடு தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. இத்தகைய ஒதுக்கீட்டை அளிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கும் மருத்துவர் நாளை அரசுக் கல்லூரியின் ஆசிரியராவதற்கு இது பாலமாகிறது.

5. ஆசிரியராக நியமிக்கப்படுவோரின் இடமாற்றத்தைக் கல்வியாண்டின் இறுதிக்கு வரையறுக்க வேண்டும். மாவட்டக் கல்லூரிகளுக்குச் செல்வோர்க்குக் குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கல்வி, ஆராய்ச்சி வசதி ஆகியவற்றைக் கவனிப்பதும் பணியமைப்புப் பிரிவின் கடமையே.

6. எல்லா மருத்துவமனைகளும் கல்லூரிகளாக வேண்டுமென்பதில்லை. இளநிலைக் கல்லூரிக்குரிய பெரும் அமைப்பின்றியே, சிகிச்சைத் துறைகளில் நிபுணர்களை உருவாக்கும் தேசிய வாரியப் பயிற்சியை ஒரு மருத்துவமனை நன்கு நடத்த இயலும். அவ்வாறு உருவாகும் நிபுணர்கள் பிற கல்லூரிகளின் ஆசிரியர்களாவர். லாலாகுடா இப்போது ஆற்றிவரும் பணி இவ்வகையைச் சார்ந்தது. அதனைக் கல்லூரியாகாத குறை என்று கருதுவது பொருந்தாது.

முடிவாக

திட்டமிடுதலில் பணத்தையும் பொருளையும் கணக்கிட நாம் பழகியிருக்கிறோம். கட்டடத்துக்கு மதிப்பீடு போடுகிறோம். கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிறோம். மனிதரின் நேரத்தை மட்டும் கணக்கில் கொள்ளத் தவறிவிடுகிறோம். மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரின் ஒரு மணி நேரம் இரு கைகளை நோக்கி நீட்டப்படுகிறது. ஒரு கை நோயாளியுடையது. மற்றொரு கை மாணவருடையது. இன்றைய நோயாளிக்கு அதை மறுப்பது அநீதி. மாணவருக்கு மறுத்தால், அவர் பிற்காலத்தில் பார்க்கவிருக்கும் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மறுத்ததாகும்.

இவ்விருவருக்கும் போதிய நேரம் கிடைக்கச் செய்வதே மருத்துவக் கல்லூரியின் மனித வள நிர்வாகத்தின் தலையாய நோக்கம். பணிப்பதிவேடு, சுழற்சிப் பட்டியல், விடுப்புக் கணக்கு ஆகியவற்றோடு நாள்தோறும் பழகும் அலுவலர்க்கு இவை வெறுங்காகிதங்களாகத் தோன்றக்கூடும். ஆனால் ஒரு காலியிடத்தைக் காலத்தில் நிரப்பும் ஒவ்வொரு முறையும், ஒரு வகுப்பறைக்கு ஆசிரியரும் ஒரு நோயாளிக் கூடத்துக்கு மருத்துவரும் கிடைக்கின்றனர். இதனை உணர்ந்து பணியாற்றும் அலுவலர்கள் மருத்துவக் கல்வியின் வளர்ச்சியில் பேராசிரியர்களுக்கு இணையான பங்கு உடையவர்களாவர்.